இமையானந்தரின் வலது கை

காலை ஏழு மணிக்கே அந்த வாடகை மண்டபத்தின் வாசலில் நாய்கள் வரிசை. நாய்கள் ஒழுங்காகத்தான் நின்றன. அவற்றைக் கொண்டுவந்தவர்கள்தான் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து குரைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் ஆறு மணிக்கே செருப்பைப் போட்டு இடம் பிடிச்சேன்!"

"செருப்புக்குக் கட்டி இருந்தா அதை உள்ள அனுப்புங்க. என் நாய்க்கு இருக்கு, நாங்க முன்னாடி போறோம்."

எல்லாம் யாருக்காக? மகான் இமையானந்தருக்காக. நாயின் இமையிலும் கண்ணைச் சுற்றியும் வளரும் கட்டியைக் கத்தியில்லாமல், ரத்தமில்லாமல் எடுப்பவர். கட்டி ஏன் வருகிறது தெரியுமா? பக்கத்து வீட்டுக்காரர் பொறாமையோடு பார்த்த பார்வை, நாயின் இமையில் உறைந்துவிடுகிறதாம். அடேயப்பா! எங்கள் நாயைப் பார்த்துப் பொறாமைப்பட ஒருவன் இருந்தால் அவன் நிலைமையை நினைத்து நான்தான் அழவேண்டும்.

மகானின் வேலை சுருக்கம். நாயை மேசைமேல் ஏற்றுவார்கள். அவர் இடது கையால் அதன் கண்ணைப் பொத்துவார். ஏதோ முணுமுணுப்பார். வலது கையால் ஒரு கிள்ளு. விரல் நுனியில் கறுப்பாக, ஈரமாக, பளபளவென்று ஓர் உருண்டை!

"வேர் வந்துடுச்சு. மேல இருக்கறது வெறும் தோல். தானா உதிரும்."

சில நாய்களுக்கு உதிரவும் செய்தது. குட்டி நாய்களுக்கு வரும் ஒருவகைக் கட்டி இரண்டு மூன்று மாதத்தில் தானாகவே வற்றிவிடும் என்று கால்நடை மருத்துவர் என்னிடம் சொன்னார். அந்தக் குட்டிகளின் படங்கள்தான் மண்டபச் சுவர் முழுக்க. உதிராத நாய்களுக்கும் மகானிடம் பதில் இருந்தது. "உங்க வீட்ல ஒருத்தன் நம்பாம இருக்கான்."

எங்கள் வீட்டில் அந்த ஒருத்தன் நான்.

என் அண்ணி தையல்காரி. கடையின் உள்ளே அவள் மெஷின், வாசலில் என் இஸ்திரி மேசை. அண்ணன் இறந்த பிறகு அவளுக்கு இருக்கும் துணை நானும் பொத்தானும். இதில் சொன்ன பேச்சைக் கேட்பது பொத்தான். குட்டியாக இருந்தபோது கோட்டுப் பொத்தான் ஒன்றை விழுங்கி அந்தப் பெயரை வாங்கிய நாய் அது. வயது பதினொன்று. இடது கண்ணில் புரை விழுந்து பார்வை போயாயிற்று. மிச்சம் வலது கண். அந்தக் கண்ணின் மேல் இமை விளிம்பில்தான் கட்டி. மிளகளவு இருந்தது கடலையளவு ஆகிவிட்டது. இமைக்கும்போதெல்லாம் கண்ணில் உரசியது. சிவந்து, நீர் வழிந்துகொண்டே இருந்தது.

மருத்துவர் தெளிவாகச் சொல்லியிருந்தார். "இப்பவே எடுத்துட்டா சின்னத் தையலோட போயிடும். இமையில மூணுல ஒரு பங்குக்கு மேல பிடிச்சிட்டா பெரிய வேலை. உரசி உரசிக் கண்ணுல புண்ணு வந்தா, இருக்கற பார்வையும் போயிடும்."

அண்ணிக்குப் பயம். "வயசான நாய்டா. மயக்க மருந்து கொடுத்தா எழுந்திருக்குமா? மூணு தடவை வந்தாப் போதும், கத்தியே வேணாம்னு அவர் சொல்றார்."

இரண்டு தடவை போய்வந்தாயிற்று. கட்டி இன்னும் கொழுத்தது. குற்றவாளி நான்.

இதில் ஒரு கூத்து. மகானின் அங்கியைத் தைத்ததே அண்ணிதான். வலது கை மடிப்புக்குள் சின்னதாக ஒரு பை வேண்டும், அதன் வாய்க்கு எலாஸ்டிக் வேண்டும் என்று கேட்டாராம். கைக்குட்டை வைக்கவாம். அந்தப் பைக்குள் ஒரு கைக்குட்டை நுழைந்தால் நான் என் மீசையை எடுத்துவிடுகிறேன். அண்ணி அளவு கேட்டாள், காரணம் கேட்கவில்லை. அவள் தொழிலில் அப்படித்தான் பழக்கம்.

மூன்றாம் தடவைக்கு முந்தின நாள் அங்கி இஸ்திரிக்கு வந்தது. கை மடிப்பில் பெட்டியை வைத்தேன். ஏதோ தடுக்கியது. சர்ரென்று ஒரு சத்தம், தீய்ந்த வாடை. பையை உட்புறம் வெளியே வரத் திருப்பினேன். இரண்டு கறுப்பு உருண்டைகள், ஒன்று நசுங்கியிருந்தது.

"அண்ணி, இது என்ன?"

"பப்பாளி விதை. அதை ஏன் என் மூஞ்சிகிட்ட நீட்டறே?"

"உங்க சாமியோட கைக்குள்ள இருந்துச்சு."

அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. "பழம் சாப்பிட்டிருப்பார்."

"சட்டைக் கையாலயா?"

"வாயை மூடு. நீ நம்பாததாலதான் கட்டி போக மாட்டேங்குது."

"சரி, நான் பாவி. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. கட்டி நாய் கண்ணுலேர்ந்துதானே வருது?"

"ஆமா."

"அப்போ இந்தப் பை கிழிஞ்சிருந்தா அவருக்கு என்ன போச்சு?"

அண்ணி என்னை முறைத்தாள். பிறகு கோபத்தோடு கத்தரியை எடுத்து, பையின் அடித்தையலைப் பிரித்தாள். ஒப்புக்கு இரண்டு இழை நூலை மட்டும் விட்டுவைத்தாள்.

"நாளைக்கு வேர் வந்துச்சுன்னா நீ அவர் கால்ல விழறே."

"வரலைன்னா?"

அவள் ஈரப் பஞ்சால் பொத்தானின் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் மண்டபம் நிரம்பி வழிந்தது. மகான் புது மடிப்பு கலையாமல் மேடைக்கு வந்தார். முதல் நாய் இன்னும் மேசைமேல் ஏறவில்லை. கூட்டத்தை ஆசீர்வதிக்க இரண்டு கைகளையும் உயரத் தூக்கினார்.

அவ்வளவுதான். இரண்டு இழை நூல் எத்தனை விதையைத் தாங்கும்? அங்கிக்குள் என்னவோ ஊர்ந்தது போல மகான் நெளிந்தார். ஒன்று, இரண்டு, பிறகு பொலபொலவென்று, அவர் காலடியில் கட்டிகள் கொட்டின. நாயே வரவில்லை, வேர் வந்துவிட்டது!

ஆனால் மகான் லேசுப்பட்டவரா? "பார்த்தீங்களா! தொடறதுக்கு முன்னாடியே விழுது!"

பாதிக் கூட்டம் கைதட்டியது. சத்தியமாகத் தட்டியது. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அண்ணி பொத்தானைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறி அதை மேசைமேல் விட்டாள். ஒரு விதையை எடுத்து முகர்ந்தாள்.

"சாமி, என் நாய் கட்டி அப்படியே இருக்கு. வரிசையில நிக்கற எல்லா நாய்க்கும் இருக்கு. அப்போ இதெல்லாம் யாரு கண்ணுலேர்ந்து விழுந்துச்சு?"

மகான் முணுமுணுத்தார். இந்த முறை அது மந்திரம் போல இல்லை.

"இந்தக் கையில பை தெச்சவ நான். நேத்து அடியைப் பிரிச்சவளும் நான்." அவள் சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்து, கை மடிப்பை உட்புறம் வெளியே தெரியத் திருப்பிக் கூட்டத்துக்குக் காட்டினாள். எலாஸ்டிக் வாயில் இன்னும் ஒரு விதை ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு பொத்தானைக் காட்டினாள். "இருக்கறது ஒரே கண்ணுய்யா இதுக்கு. உன்னை நம்பி ஒரு மாசத்தைத் தொலைச்சேனே!"

அதற்குமேல் அவள் நிற்கவில்லை. பொத்தானைத் தூக்கிக்கொண்டு நேராக மருத்துவரிடம் ஓடினாள். மகான் பின்வாசல் வழியாக ஓடினார். வேகத்தில் மகானே முதல்.

கட்டி இமையில் மூன்றில் ஒரு பங்கை அப்போதுதான் தொட்டிருந்தது. இன்னும் சில வாரம் போயிருந்தால் கஷ்டம் என்றார் மருத்துவர். எடுத்தார், சோதனைக்கு அனுப்பினார். கெட்ட கட்டி இல்லை என்று வந்தது. மயக்கம் தெளிந்ததும் பொத்தான் அண்ணியைத்தான் முதலில் பார்த்தது. அண்ணி அழுதாள். நானும்தான், என்ன இப்போ?

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். மண்டபத்தில் கொட்டிய விதைகளை யாரோ பெருக்கி வாசலோரம் தள்ளியிருக்கிறார்கள். மழை பெய்தது. மூன்று பப்பாளிச் செடிகள் முளைத்தன. போன வாரம் அந்த வழியாகப் போனேன். ஓர் ஆள் தன் நாயோடு அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான்.

"கட்டியை உறிஞ்சற மரமாம். மகான் விட்டுட்டுப் போனது" என்றான்.

சுற்றுங்கள் ஐயா, தாராளமாகச் சுற்றுங்கள். காய்த்துப் பழுத்ததும் ஒன்றே ஒன்றைப் பறித்து, வெட்டி உள்ளே பாருங்கள். அதற்குக்கூட மகான் ஒருவர் வரவேண்டுமா?