ஒரு குறையும் சொல்லாதவர்

இது என்னைப் பற்றித்தான். வேறு யாரைப் பற்றி இருக்க முடியும்? கீழே அவர்கள் இரண்டு பேர், மேலே நான் ஒருத்தி.

அவள் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். மனம் கேட்காமல் திருப்பி மறுபடி படித்தாள்.

‘எங்க வீட்ல இருக்கவங்க இத்தனை வருஷத்துல ஒரு குறை சொன்னதில்ல. எது செஞ்சாலும் தலையாட்டுறாங்க. மனசுல என்ன இருக்குன்னே தெரியல. என்ன பண்ணலாம்?’

எழுதியிருந்தது ‘கீழ்வீடு’. வீட்டுக்காரர்களான கீழ்வீட்டு சாரும் அவர் மனைவியும் சேர்ந்து வைத்திருந்த கணக்கு அது. திறந்து கொடுத்தவளே அவள்தான். போட்டிருந்த பிரிவு, ‘குடித்தனக்காரர் தொல்லை’. அந்தப் பெயரை வைத்தவளும் அவள்தான்.

வீட்டு உரிமையாளர்களின் இணைய மன்றத்துக்குக் கீழ்வீட்டு சார்தான் செயலாளர். முந்நூறு பேர் எழுதுவதெல்லாம் ஒரே குவியலாகக் கிடந்தது. ஒழுகும் குழாய்க்கும் ஓடிப்போன நாய்க்கும் நடுவில் காலை வணக்கப் பூங்கொத்து. போன மாதம் சார் அவளை மாடிப்படியில் நிறுத்தினார். “லைப்ரரில புத்தகம் அடுக்குறீங்கல்ல. இதையும் அடுக்கிக் குடுங்க.”

நாலு வருடத்தில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

வாடகைக்கு இருப்பவளுக்கு அங்கே என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை. மாட்டேன் என்ற சொல் அவளுக்கு வரவில்லை. தனியாக இருக்கும் பெண் என்றதும் பதினோரு வீடுகள் கதவைச் சாத்தின. பன்னிரண்டாவது வீட்டில் இவர் ஒரு கேள்வியும் கேட்காமல் சாவியை நீட்டினார். அந்த நன்றி அவளுக்குள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கும் விருந்தாளியைப் போல, இன்றுவரை சாய்ந்து உட்காராமலே இருந்தது. சமையலறைக் குழாய் ஒழுகியபோதுகூட ஒரு துணியைச் சுற்றிக் கட்டிவிட்டுச் சும்மா இருந்துவிட்டாள்.

அந்த அடக்கம்தான் இப்போது தொல்லைப் பிரிவில் வந்து நிற்கிறது. அதன் கீழே ‘மூணு மாடி’ என்பவர் பதில் போட்டிருந்தார்: ‘வாயத் திறக்காத ஆள நம்பவே கூடாது. காலி பண்ணச் சொல்லுங்க.’

அவள் அவசரமாக அந்தப் பதிவைப் ‘பராமரிப்பு’ பிரிவுக்கு மாற்றினாள். அங்கே பெயின்ட், கொசுவலை பற்றிப் பேசுகிறவர்கள்தான் இருந்தார்கள். யாருக்கும் தீங்கில்லாதவர்கள் என்று நினைத்தாள்.

அங்கே ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் காத்திருந்தார். ‘குறை சொல்லலைன்னா குறைய மறைக்கிறாங்கன்னு அர்த்தம். உடனே போய்ப் பாருங்க.’

சாயங்காலம் அழைப்பு மணி அடித்தது. கையில் டார்ச்சுடன் சார்.

“பாக்கணும்.”

“என்ன சார் பாக்கணும்?”

“எல்லாம்.”

நேராகச் சமையலறைக்குப் போய்க் குழாயைப் பார்த்தார். அது கழுத்து வலிக்காரரைப் போலத் துணி சுற்றிக்கொண்டு நின்றது.

“எவ்ளோ நாளா?”

“ரெண்டு வருஷம் சார்.”

“சொல்லவே இல்ல?”

“உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு…”

அவர் முகம் போன போக்கைப் பார்த்து, பேசாமல் ‘சட்டம்’ பிரிவுக்கு மாற்றிவிடலாம் என்று தீர்மானித்தாள். வக்கீல்கள் நிதானமானவர்கள். எதையும் இழுத்தடிப்பார்கள்.

ஒரு வக்கீல் இரண்டே நிமிடத்தில் எழுதினார்: ‘இன்னைக்குத் தலையாட்டுவாங்க. நாளைக்கு வீடே என்னுதும்பாங்க. எழுதி வாங்கிக்குங்க.’

மறுநாள் சாயங்காலம் சார் ஒரு காகிதத்துடன் வந்தார். ‘இந்த வீடு என்னுடையது அல்ல’ என்று அதில் இருந்தது. இவ்வளவு உண்மையான ஒன்றில் அவள் அதுவரை கையெழுத்துப் போட்டதில்லை. போட்டுவிட்டு, பழக்கத்தில், “ரொம்ப நன்றி சார்” என்றாள்.

“எதுக்கு?” அவர் ஒரு படி பின்னால் நகர்ந்தார்.

இனிப் பொறுக்க முடியாது. ‘நல்ல குடித்தனக்காரர்’ என்று புதிதாக ஒரு பிரிவைத் தொடங்கினாள். அதில் அந்த ஒரே பதிவை வைத்தாள். தன்னைத் தானே நல்லவளாக்கிக் கொண்டதில் கூச்சமாக இருந்தது. ஆனாலும் வீடு முக்கியம்.

மன்றமே திரண்டு வந்தது. ‘அவங்கள எங்க வீட்டுக்கு அனுப்புங்க.’ ‘எனக்கு ரெண்டு பேர் இப்படி வேணும்.’ ‘பால்கனி இருக்கு, வரச் சொல்லுங்க.’ முதல் நாள் காலி பண்ணச் சொன்ன ‘மூணு மாடி’கூடத் தன் இரண்டாவது மாடியைக் கொடுக்கத் தயாராக இருந்தார்.

சார் மூச்சிரைக்க ஏறி வந்தார்.

“வேற வீடு பாத்துட்டீங்களா?”

“ஐயோ, இல்லவே இல்ல சார்.”

“போகாதீங்க” என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போனார்.

அவள் கதவருகிலேயே நின்றாள். போகாதீங்க என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. கண் கலங்கியது. அப்படியென்றால் அந்தப் பதிவை எதற்காக எழுதினார்? பயமா, பாசமா? நாலு வருடம் இவர்கள் தலைக்கு மேலேயே நடந்தும், இவர்களைப் பற்றித் தனக்கு ஒன்றுமே தெரியவில்லையே.

படியில் மறுபடி காலடிச் சத்தம். சாரின் மனைவி, இடுப்பில் ஒரு கையும் மற்றதில் கைபேசியுமாக வந்து நாற்காலியில் சாய்ந்தார்.

“ஏம்மா, அந்தப் பதிவ ஒரு எடத்துல இருக்க விட மாட்டியா? தேடித் தேடிக் கண்ணு பூத்துப் போச்சு.”

“மன்னிச்சிடுங்கக்கா. சரியான பிரிவுல வைக்கலாம்னுதான்…”

“நீ வெச்ச எதுவுமே சரியில்ல. புதுசா ஒண்ணு ஆரம்பிச்சுக் குடு.”

“என்ன பேர் வைக்கட்டும்?”

“‘புருஷன்’னு வை.”

அவள் விழித்தாள்.

“வீடு என் பேர்லதானே இருக்கு? முப்பத்திரண்டு வருஷமா அதுல இருக்காரு. ஒரு குறை சொல்லட்டுமே! மன்றத்துல எதக் கேட்டாலும் ரெண்டு நிமிஷத்துல பதில் வருது, அதான் நானும் கேட்டேன். இவரு அத உன்னப் பத்தின்னு நெனச்சுக்கிட்டு டார்ச்சும் கையுமா அலையுறாரு. யாரப் பத்தி எழுதினேன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாரா? கேக்க மாட்டாரே! அதத்தானே நான் எழுதினேன்!”

சிரிப்பு அவளையும் மீறி வந்தது. சிரித்துச் சிரித்து எதிர் நாற்காலியில் முதுகு படச் சாய்ந்தாள்.

“சிரிச்சது போதும். ஆரம்பிச்சுக் குடுக்குறியா?”

வரிசையாக இருந்த பிரிவுகளையும், முந்நூறு வீடுகளையும், அந்த வீடுகளில் இருக்கும் அக்காக்களையும் அவள் ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள்.

“மாட்டேன்க்கா” என்றாள் மெதுவாக. “அத ஆரம்பிச்சா மத்த பிரிவுல எழுதுறதுக்கு ஆளே இருக்காது.”