இரண்டாவது கியருக்கு ஒரு மனைவி

இனி என் மனைவி என் வண்டியின் முன் சீட்டில் உட்காரக் கூடாது என்று முடிவு செய்தேன். ஐம்பத்து நான்கு வயதில் நானாக எடுத்த முதல் முடிவு. 

டார்ஜிலிங் மலையில் மானேபஞ்சாங்கிலிருந்து சந்தக்ஃபு உச்சிக்குப் பயணிகளை ஏற்றிப் போகிறவன் நான். வண்டி, தேயிலைத் தோட்டத்துத் துரைமார் விட்டுப்போனது. என்னைவிட மூத்தது. ஐந்து மாதமாக அதற்கு ஒரே ஒரு நோய்: இறக்கத்தில் இரண்டாவது கியர் நழுவும். எங்கள் இறக்கத்துக்கு இரக்கம் கிடையாது. இந்தப் பக்கம் உருண்டால் இந்தியா, அந்தப் பக்கம் உருண்டால் நேபாளம்.

அதனால் என் மனைவி சனமாயா பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் கியர்க் கம்பியைப் பிடித்துக்கொள்வாள். "என்ன அன்பு!" என்று பயணிகள் படம் எடுத்தார்கள். அவள் பிடித்திருந்தது கியரையா, என்னையா? பல நாள் யோசித்திருக்கிறேன். ஏனென்றால், அவள் பக்கத்தில் இருப்பதால், வழியில் தும்லிங் கடையில் மூங்கில் குவளையில் தரும் கேழ்வரகுக் கள், என் அருமைத் தோங்பா, ஐந்து மாதமாக நாக்கில் படவில்லை.

"கியர்பாக்ஸை இறக்கணும், அண்ணே. ஆறு ஆளு, எட்டு நாளு" என்றான் பக்கத்து வீட்டு டிரைவர் பெம்பா.

"சீசன்ல எட்டு நாளா?"

"அப்ப அண்ணியையே ஸ்பேர் பார்ட்டா வச்சுக்க."

ரோஷம் வந்தது. சீட்டைத் தூக்கினேன். தரைத் தகட்டைக் கழற்றினேன். தலை உள்ளே, கால் வெளியே. சனமாயா டீயோடு வந்தாள்.

"பாக்ஸை இறக்கலையா?"

"இறக்காமலே பார்ப்பேன்."

"அதிசயந்தான். தும்லிங்ல எதைக் கண்டாலும் உள்ள இறக்குற ஆளு!"

 மூடியைத் திறந்தேன். பாக்ஸின் பக்கவாட்டில் சின்ன மூடி, இரண்டே போல்ட். உள்ளே ஒரு ஸ்பிரிங் இரும்புக் குண்டை அழுத்திப் பிடிக்கும். அந்த அழுத்தத்தில்தான் கியர் இடத்தில் நிற்கும். அழுத்தம் இல்லாமல் எதுதான் இடத்தில் நிற்கிறது? நானே நின்றதில்லை.

ஸ்பிரிங்கை வெளியே எடுத்தேன். நூல் மாதிரி மெலிசு. நுனியில் நீல மை.

"சனமாயா! இது பேனா ஸ்பிரிங்!"

"ஆமா. நான்தான் போட்டேன்."

"எப்போ?"

"கார்த்திகையில. குடிச்சிட்டு ஒரு வளைவை ரெண்டு வளைவாத் திரும்புனீங்களே, அதுக்கு மறுநாள். கியர் நழுவுனாத்தானே நான் பக்கத்துல உட்கார முடியும்? கால் மணி நேர வேலை. நீங்க என்னடான்னா காலையிலேர்ந்து தலையை விட்டுக்கிட்டுக் கிடக்கீங்க."

"உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"எங்கப்பா வண்டியில பத்து வயசுலேர்ந்து நான்தான் இந்த மூடியைத் திறப்பேன். என்னைக்காவது கேட்டீங்களா?"

முப்பது வருடமாக அவள் சொன்னதைக் கேட்டிருக்கிறேனே தவிர, அவளை எதுவும் கேட்டதில்லை.

இடுப்புச் சாவிக்கொத்திலிருந்து அசல் ஸ்பிரிங்கைக் கழற்றி நீட்டினாள். ஒரு சண்டை இல்லை, ஒரு நிபந்தனை இல்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மாட்டினேன். கோயில் சரிவில் இறக்கிப் பார்த்தேன். கியர் பாறையாக நின்றது. துள்ளிக்கொண்டு திரும்பினேன்.

"இனிமே கியரைப் பிடிக்க நீ வர வேண்டாம்!"

"வரலை. சாவியைக் குடுங்க."

"எதுக்கு?"

ஒரு அட்டையை நீட்டினாள். அவள் படம் போட்ட டிரைவிங் லைசென்ஸ்.

"அஞ்சு மாசமா பக்கத்துல உட்கார்ந்து மலையையா பார்த்தேன்? டார்ஜிலிங்குக்கு அடிக்கடி போனது அக்கா வீட்டுக்குன்னா நினைச்சீங்க? இனி எத்தனை குவளை வேணும்னாலும் குடிங்க. ஓட்டப்போறது நான்."

ஆனந்தமாகச் சாவியைக் கொடுத்துவிட்டு, முன் சீட்டில் ஏறப் போனேன்.

"அது பயணிக்கு. நீங்க பின்னாடி."

அன்று தும்லிங் வரை போய்த் திரும்பும்போது, காலி கேஸ் சிலிண்டருக்கும் உருளைக்கிழங்கு மூட்டைக்கும் நடுவில், தோங்பாவை முட்டிக்குள் இடுக்கிக்கொண்டு மலையிறங்கினேன். என் ரிப்பேரை யாரும் குறை சொல்ல முடியாது. இரண்டாவது கியர் ஒருமுறைகூட நழுவவில்லை.