மாமா வண்டியின் மூன்றாவது போல்ட்

ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி 9.40. வண்டிக்கு அடியில் விரித்த வெள்ளைத்தாளில் கடந்த ஒன்பது நாளில் விழுந்த எண்ணெய்ச் சொட்டுகள்: பூஜ்யம்.

அன்பும் மரியாதையும் நிறைந்த மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகன் எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான், உங்கள் பழைய மோட்டார் சைக்கிள் ஆகிய நால்வரும் நலம். அங்கே நீங்களும் அத்தையும் நலமா என்று கேட்பது முறை; கேட்டுவிட்டேன். போனில் பேசினால் அத்தை ஸ்பீக்கரில் போடச் சொல்வார் என்பதால் கடிதம். வீட்டுக்கு வந்தால் அவரே பிரிப்பார் என்பதால் உங்கள் அலுவலக முகவரிக்கு. இனி விஷயம்.

போன மாதம் எங்கள் மொட்டை மாடியில் பதினொரு பேர் முன்னிலையில் நீங்கள் சொன்னது: "இருபத்திரண்டு வருஷமா இந்த இஞ்சின்ல எண்ணெய் கசியுது. எந்தக் கொம்பனாலயும் நிறுத்த முடியல. டேய் இஞ்சினியரு, நீ நிறுத்திக் காட்டு, வண்டியே உனக்குத்தான்!" எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்த வண்டி எனக்குப் பத்து வயதிலிருந்து வேண்டும். அன்றைக்கே எடுத்து வந்துவிட்டேன்.

முதலில் அளந்தேன்: மணிக்குப் பதினேழு சொட்டு. பிறகு இஞ்சினை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவித் துடைத்து, எண்ணெய் எங்கிருந்து கிளம்புகிறது என்று தடம் தெரிவதற்காக முகப்பவுடர் தூவினேன், அது அம்மாவின் புது டப்பா, முழுவதும் தேவைப்பட்டது, அம்மா வந்து பார்த்துவிட்டு "பெத்தவளுக்கு ஒரு சோப்பு வாங்கித் தந்திருப்பியா, இரும்புக்கு மேக்கப் போடுறான் பாரு" என்றார், பதில் சொல்ல நேரமில்லை, ஏனென்றால் பத்து நிமிடம் ஓடவிட்டதில் இடப்பக்க மூடிக்குக் கீழே கறுப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தது. மூடிக்குப் பின்னால் இருக்கும் பேக்கிங் அட்டை போய்விட்டது என்று முடிவு கட்டி, எண்ணெயை வடித்து மூடியைக் கழற்றினேன், வைக்க இடமில்லாமல் பக்கத்தில் இருந்த செய்தித்தாளில் வைத்தேன், அந்தத் தாளை அப்பா மடியில் விரித்துப் படித்துக்கொண்டிருந்தார், வெள்ளைக் கால்சட்டை வேறு. புது அட்டையைச் சட்டைப் பெட்டியிலிருந்து நானே வெட்டினேன், அளவு கனகச்சிதம், ஆனால் போல்ட் எட்டு, நான் போட்ட ஓட்டை ஏழு, எட்டாவதை அழுத்தித் திணித்தபோது அட்டை கிழிந்து கணக்கு மணிக்கு நாற்பத்தாறு ஆனது. "பரவாயில்லையே, முன்னேத்தம் தெரியுது" என்றார் அப்பா, புது கால்சட்டையில், தூரத்தில் நின்று. கடையில் சரியான அட்டை வாங்கி மாட்டி, எட்டையும் எதிரெதிராக இறுக்கினேன். பூஜ்யம்! ஏழு போல்ட்டின் தலையில் பழைய பெயின்ட் அப்படியே இருக்க, மூன்றாவது மட்டும் மோதிரம் போல மின்னியதை அப்போது நான் பொருட்படுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை, உங்கள் மெக்கானிக் அண்ணனிடம் பெருமையடிக்கப் போனேன். அவர் குனிந்து பார்த்தார். முகம் செத்துவிட்டது.

"என்ன தம்பி, இப்படிப் பண்ணிட்டீங்க?"

"ஏண்ணே, சரியாத்தானே பண்ணியிருக்கேன்?"

"அதான் தப்பு! சனிக்கிழமை சாயங்காலம் உங்க மாமாதான் அந்த மூணாவது போல்ட்டைக் கால் சுத்து லூஸ் பண்ணுவாரு. ஞாயித்துக்கிழமை காலைல 'ஐயையோ, மறுபடியும் ஒழுகுது'ன்னு வீட்ல காட்டிட்டு இங்க வந்துடுவாரு. ஷட்டரைப் பாதி இறக்கிட்டு, மத்தியானம் வரைக்கும் நாலு பேரும் கேரம். இப்ப ரெண்டு வாரமா மூணு பேரு உக்காந்து ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துட்டிருக்கோம்."

மாமா, நான் படித்த படிப்புக்கு இது அவமானம். இயந்திரக் கோளாறைத் தேடினேன். மனிதக் கோளாறு என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு ஞாயிறாக நீங்கள் வீட்டிலேயே இருப்பதாகவும், சமையலறை டப்பாக்களுக்கு எல்லாம் எண் எழுதி ஒட்டியதாகவும் அத்தை அம்மாவிடம் சொன்னார். அத்தை உங்களைப் பிடித்துவைத்து வேலை வாங்குகிறார் என்று புரிந்துகொண்டேன். வருந்துகிறேன். ஆனாலும் பந்தயம் பந்தயம்தான். வண்டியை என் பெயருக்கு எழுதித் தரும் மாற்றல் படிவம் இணைத்திருக்கிறேன், இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டு, பதிவுப் புத்தகத்தோடு அனுப்பவும். பதிலுக்கு, ஞாயிறுதோறும் காலை ஒன்பதுக்கு நான் போன் செய்து "வண்டி ஸ்டார்ட் ஆகல மாமா, உடனே வாங்க" என்று கத்துவேன். அத்தைக்கு ஆயுசுக்கும் சந்தேகம் வராது.

உங்கள் உடம்பும் கேரம் விரலும் நன்றாக இருக்க வேண்டும் என்ற வேண்டுதலோடு, என்றும் உங்கள் சொல்லைத் தட்டாத,
அக்கா மகன்.

பின்குறிப்பு: உறை தேடிப் போன இரண்டு நிமிடத்தில் அம்மா இதைப் படித்து, அத்தைக்குப் போன் போட்டு, முழுவதும் வாசித்தும் காட்டிவிட்டார். அத்தை சொன்னது: "அந்த போல்ட்டு விஷயம் தெரிஞ்சு பத்தொம்பது வருஷம் ஆச்சு அண்ணி! வாரத்துல ஒரு வேளைதான் வீடு அமைதியா இருந்துச்சு, அதையும் உங்க பையன் கெடுத்துட்டான். சக்கரை டப்பா பதினாலாம் நம்பராம். நான் அகராதி வெச்சுத் தேடணும். சனிக்கிழமைக்குள்ள அது பழையபடி ஒழுகணும்னு சொல்லுங்க."

நான் போனை வாங்கி, "வண்டி எனக்குன்னு மாமா வாக்குக் குடுத்திருக்காரு அத்தை" என்றேன்.

"அவரு யாருடா குடுக்க? வண்டி என் பேர்ல இருக்கு. அப்புறம், எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட சொல்லிடாத. திருட்டுத்தனமா போறோம்னு நெனச்சாத்தான் மனுஷனுக்குச் சந்தோஷம்."

எனக்கு மறைக்க வராது, எழுதிவிட்டேன். ஆகவே நான் செய்யப்போவது:

1. மாற்றல் படிவத்தைக் கிழிப்பது.
2. வெள்ளிக்கிழமை மூன்றாவது போல்ட்டைக் கால் சுற்று தளர்த்தி, மணிக்குச் சரியாகப் பதினேழு சொட்டு வருகிறதா என்று அளப்பது.
3. சனிக்கிழமை வண்டியை உங்கள் வாசலில் நிறுத்தி, "என்னால முடியல மாமா" என்று சத்தமாகச் சொல்வது. இதற்கு இப்போதிருந்தே பயிற்சி எடுக்கிறேன்.
4. அத்தை நம்பியதுபோலவும் நீங்கள் ஏமாற்றியதுபோலவும் முகத்தை வைத்துக்கொள்ளும்போது சிரிக்காமல் நிற்பது.
5. எனக்கென்று வேறொரு பழைய வண்டி தேடுவது. பார்த்தவுடன் இஞ்சினுக்கு அடியில் குனியாமல், முதலில் பதிவுப் புத்தகத்தில் பெயரைப் படிப்பது.