தோள் வெட்டிய கிட்டார்

"முழு பாடியாண்ணே, கட்அவேயா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

விழுப்புரத்தில் இசைக்கருவிக் கடை வைத்திருக்கும் அன்புச்செல்வன் இரண்டு கிட்டார்களை மேஜைமேல் கிடத்திவிட்டுக் கேட்டான். ஒன்று இரு தோளும் சமமாகப் பூசணிக்காய்போல உருண்டிருந்தது. மற்றதன் ஒரு தோளில், யாரோ பசியில் ஒரு வாய் கடித்துவிட்டுப் போனதுபோல வளைந்த வெட்டு.

"வெட்டுனதுல விரல் கீழ வரைக்கும் போவும்ண்ணே. மெல்லிசு சத்தமெல்லாம் சுலுவா எடுக்கலாம்."

"அந்தப் பக்கமே நான் போனது இல்லப்பா. மேல கம்பிய அழுத்தி மூணு கார்டு புடிப்பேன். அதை வச்சே ஒரு கோயிலையே பாட வச்சவன் நான்" என்று அமலதாஸ் முழுசைத் தட்டிக் காட்டினார். "இதைக் கட்டு."

ஞாயிற்றுக்கிழமை அவருக்கும் அமல்ராணிக்கும் முப்பதாவது கல்யாண நாள். அவர்கள் கதை தொடங்கியதே கிட்டாரில்தான். வீட்டுக்கு வந்து பெண் பார்த்து, பஜ்ஜி தின்று, பிடிக்கவில்லை என்று போனால் பெண்ணின் மனசு என்ன பாடுபடும்? அதனால் திண்டிவனத்து மாதா கோயில் உபதேசியார் ஒரு வழி வைத்திருந்தார். மாதா திருவிழாப் பூசைக்குப் பெண்ணை வரச்சொல்லி, "பாடற குழுவுல கிட்டார் வாசிக்கிறான் பாரு, அவன்தாம்மா பையன்" என்று காதில் போட்டுவிடுவார். பெண்கள் பக்கத்திலிருந்து பெண் பார்த்துக்கொள்ளும். பிடித்திருந்தால் தலையாட்டும். அமல்ராணி அப்படித் தலையாட்டியவள்தான்.

"அந்தக் கிட்டார்லதான் நான் வுழுந்தேன்" என்று இன்றைக்கும் சண்டை முடிகிறபோதெல்லாம் சொல்லுவாள். பிள்ளைகுட்டி என்று ஆனபின் அந்தக் கிட்டார் கரையானுக்குப் போயிற்று. அதே மாதிரி ஒன்றை மடியில் வைத்து, அன்றைக்குப் பூசையில் வாசித்த பாட்டை அவள்முன் வாசிக்கவேண்டும். அமலதாஸுக்கு அவ்வளவுதான் ஆசை.

வீட்டில் உறையைப் பிரித்ததும் அமல்ராணி உதட்டைப் பிதுக்கினாள்.

"இது இல்லீங்க அது."

"எது இல்ல? கூடவே இருந்தவன் நான். எனக்குத் தெரியாதா?"

"நீங்க வாசிச்சிங்க. பார்த்தது நான்தானே? தோள்கிட்ட அழகா ஒரு வெட்டு இருக்கும். தொரட்டி மாதிரி ஒரு கொம்பு நீட்டிக்கினு நிக்கும். கண்ணுலயே இருக்குது."

பெண்டாட்டி ஆசையைவிட மரக்கட்டை பெரிசா? மறுநாளே தூக்கிக்கொண்டு ஓடினார்.

"இன்னாண்ணே, அந்தப் பக்கம் போவ மாட்டேன்னீங்க?"

"வூட்டுக்காரம்மா போவச் சொல்றாங்கப்பா. ஜல்தி மாத்திக் குடு."

வெட்டு வைத்த கிட்டார் வீட்டுக்கு வந்தது. அமல்ராணி முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு, அந்த வளைவை ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

"இதேதாங்க!"

அவள் முகம் சிவந்தது. மூத்தவன் பிறந்த பிறகு அமலதாஸ் பார்க்காத வெட்கம். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். பாதிச் சிரிப்பிலேயே வாய் நின்றுவிட்டது.

அந்தக் குழுவில் வெட்டு வைத்த கிட்டார் ஒன்று இருந்தது, வாஸ்தவம். பக்கத்தில் நின்று வாசித்த பிரான்சிஸுடையது. அவனுடைய மாமா பம்பாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது.

"ஏம்மா," என்றார் மெதுவாக, "அன்னிக்கு என் மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"மூஞ்சியை எங்க பார்த்தேன்? கண்ணாடி போட்ட பொண்ண எவன் கட்டுவான்னு எங்கம்மா அதைப் புடுங்கிப் பையில போட்டுக்கினாங்க. எல்லாம் மசமசன்னு இருந்துச்சு. இந்தக் கொம்புதான் நல்லாத் தெரிஞ்சுது. உடனே தலையாட்டிட்டேன்."

அன்றைக்கு அமலதாஸுக்குச் சோறு இறங்கவில்லை. மீன்குழம்பு வேறு. கடைசியாக ஒரு யோசனை வந்தது. அந்தத் திருவிழாவில் மட்டும் இரண்டு பேரும் கிட்டாரை மாற்றி வாசித்திருந்தால்? பிரான்சிஸைக் கேட்டால் தெரிந்துவிடும். காலையில் கிட்டாரை அணைத்துக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறினார்.

"பெருசு, அதுக்கும் ஒரு சீட்டா?" என்றார் கண்டக்டர்.

"என் குடும்பமே இதுலதாம்பா இருக்குது" என்றார் அமலதாஸ்.

பிரான்சிஸ் இப்போது மல்லாட்டை மண்டி வைத்து நிலக்கடலை வியாபாரம் செய்கிறார். தலை வழுக்கை, வயிறு மூட்டை. மண்டியை ஒட்டியே வீடு. உறையைப் பிரித்ததும் அவர் கத்தினார்.

"டேய், என் கிட்டாருடா இது! அச்சு அசல்!"

அமலதாஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "மச்சான், நீ மறைக்காம சொல்லு. மாதா திருவிழா அன்னிக்கு நாம ரெண்டு பேரும் மாத்தி வாசிச்சோமா?"

"என் கிட்டாரை எவனையாச்சும் தொட வுட்டிருக்கேனா? உன் பூசணிக்காயை நான் இன்னாத்துக்குத் தொடறேன்?"

போயிற்று. அமலதாஸ் மூட்டைமேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். கொம்பு, கண்ணாடி, தலையாட்டல், எதையும் விடவில்லை.

பிரான்சிஸ் அனுதாபமாகத்தான் கேட்டார். ஆனால் கேட்கக் கேட்க முதுகு நிமிர்ந்தது. வயிறு உள்ளே போனது. இல்லாத முடியைக் கை தானாகக் கோதிவிட்டது.

"இதுல நான் இன்னாடா பண்ண முடியும்?" என்றார். "அந்தக் காலத்துல நான் நின்னா அப்படி. பொண்ணுங்க பக்கம் பூரா நம்ம மேலதான் கண்ணு. வுடு, மனசுல வச்சுக்காத."

"முப்பது வருஷம்டா! ஒவ்வொரு சண்டையிலயும் அவ உன் கிட்டாரைச் சொல்லித்தான் என்னை மன்னிச்சிருக்கா!"

உள்ளேயிருந்து பிரான்சிஸின் மனைவி ஜெசி, வேகவைத்த மல்லாட்டைத் தட்டோடு வந்தாள். சொன்னதெல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. தட்டை நடுவில் வைத்துவிட்டுச் சேலையை இழுத்துச் செருகினாள்.

"அவரு பேச்சைக் கேட்டு நீங்க கலங்காதீங்கண்ணே. ஞாயித்துக்கெழம தாராளமா வாசிங்க. அமல்ராணி நல்ல எடத்துலதான் வுழுந்திருக்கா."

"நீ சும்மா ஆறுதலுக்குச் சொல்ற ஜெசி."

"இல்லண்ணே, நெஜமாத்தான்" என்றாள் ஜெசி, ஒரு மல்லாட்டையை உடைத்துக்கொண்டே. "உபதேசியார் என்னையும் அதே பூசைக்குத்தான் வரச்சொன்னாரு, எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியும், நான் தலையாட்டுனது அந்தப் பூசணிக்காய்க்கு."