மூணு ஆட்டினுக்கு மேல் பேசியவன்

இனிமேல் எதிராளி எவ்வளவு உயரத்தில் குதித்தாலும் நான் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கப் போவதில்லை. கோர் என்கிற எங்கள் ஊரின் பிரிட்ஜ் சீட்டாட்ட கிளப் வாசலில், காருக்குள் உட்கார்ந்து இந்தச் சபதத்தை எடுத்தேன். எடுத்தேன் என்றா சொன்னேன்? என் மனைவி மொய்ரா எடுக்க வைத்தாள்.

விஷயம் இதுதான். பிரிட்ஜில் சீட்டை இறக்குவதற்கு முன்னால் ஏலம் நடக்கும். நல்ல கை உள்ளவர்கள் ஒன்று, இரண்டு என்று எதிரே உட்காரும் தங்கள் ஜோடியோடு பேசிப் பேசி ஏறுவார்கள். ஒரே ஜாதியில் ஏழு சீட்டு, மற்றதெல்லாம் குப்பை என்றால் சில பேர் எடுத்த எடுப்பிலேயே மூன்றுக்குத் தாவிவிடுவார்கள். ஜெயிக்க இல்லை, நம்மைப் பேசவிடாமல் இடத்தை அடைக்க. பஸ்ஸில் துண்டு போடுகிற புத்திதான்.

அன்றைக்கு நோலீன் போட்டாள் துண்டு. பால்பண்ணை வைத்திருக்கும் விதவை, பார்த்தால் பசு. "மூணு ஆட்டின்" என்றாள். என் கையில் ஸ்பேடில் ஏஸ், ராஜா, ராணியோடு ஐந்து சீட்டு. வேறு ஜாதியில் இன்னொரு ஏஸ். ஆட்டின் ஒன்றே ஒன்று. பச்சைக் குழந்தைகூட மூணு ஸ்பேட் கேட்டிருக்கும். நான் தொண்டையைச் செருமி, கூரையைப் பார்த்து, "பாஸ்" என்றேன். ஆட்டம் முடிந்து பார்த்தால் என் ஜோடி மொய்ரா கையில் நாலு ஸ்பேட் சும்மா தூங்கியிருக்கிறது.

காரில் பாடம் நடந்தது.

"அவ கேட்ட ஜாதி உங்க கையில கம்மியா இருக்கா? துணிஞ்சு பேசுங்க. நிறைய இருக்கா? பேசாம கிடங்க. அவ்வளவுதான். இதுக்கு எதுக்கு கூரையைப் பார்க்கணும்?"

"உயரமா கேட்டா பயமா இருக்கு மொய்ரா."

"உயரமா கத்துறவ கையில ஒண்ணும் இருக்காதுங்க."

இந்த ஒரு வாக்கியத்தை நெஞ்சில் பச்சை குத்திக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை. மேசையில் சூடாக சீஸ் ரோல். மொய்ரா நல்ல மனநிலையில் இருந்தாள். அனுமதி கேட்க இதைவிட்டால் நேரமில்லை. பிப்ரவரியில் மட்டவுரா ஆற்றங்கரைக் குடிசையில் பத்து நாள், நானும் தூண்டிலும் மட்டும். டிரவுட் மீன்கள் என்னைக் காணாமல் ஏங்கிப் போயிருக்கும். வருஷம் முழுக்க இதற்காகத்தான் இவளுக்கு எதிரே உட்கார்ந்து பாஸ், பாஸ் என்று ஜெபித்துக்கொண்டிருந்தேன். மெல்ல ஆரம்பித்தேன்.

"பிப்ரவரியில..."

"பிப்ரவரியில ராட்னி அண்ணன் வர்றாரு," என்றாள். "மூணு வாரம். அண்ணி, ரெண்டு நாய், அப்புறம் அந்த பேக்பைப்."

என் மைத்துனர் அந்தப் பையை அக்குளில் இடுக்கி ஊத ஆரம்பித்தால் பக்கத்துப் பண்ணை ஆடுகளுக்குக் கரு கலைந்துவிடும். பழைய ஆளாக இருந்தால் பாஸ் என்று சொல்லி, காதில் பஞ்சு தேடியிருப்பேன். ஆனால் நான் பாடம் கேட்டவன் அல்லவா? ராட்னி மேல் என் கையில் என்ன இருக்கிறது? துளி பாசம் இல்லை. சுத்தமாகக் கம்மி. துணிந்து பேச வேண்டிய கை.

ஒரே சிக்கல், மீன்பிடி இப்போது போதாது. அண்ணன் வரும்போது ஆற்றுக்குப் போகிறேன் என்றால் ஆற்றிலேயே இருந்துவிடச் சொல்வாள். அவள் தட்ட முடியாத ஒன்றாக, ஒரு படி மேலே கேட்க வேண்டும். கேட்டேன்.

"வர வேண்டாம்னு சொல்லிடு. நாம ஊர்லயே இருக்க மாட்டோம். கோல்ட் கோஸ்ட் பிரிட்ஜ் திருவிழாவுக்குக் கூட்டிட்டுப் போறேன். பத்து நாள்."

மொய்ரா சீஸ் ரோலில் நிதானமாக வெண்ணெய் தடவினாள்.

"பாஸ்," என்றாள்.

அடேயப்பா, எனக்கு வந்த கர்வம்! முப்பது வருஷத்தில் அவள் என்னிடம் சொன்ன முதல் பாஸ். மீன் போனால் போகட்டும், பேக்பைப் ஒழிந்ததே. தாராள மனசோடு, அண்ணனுக்கு நானே போன் பண்ணிப் பக்குவமாகச் சொல்கிறேன் என்றேன்.

"எதுக்கு? அவர் வர்றதா அவர்கிட்டயே நான் இன்னும் சொல்லலையே."

ஆக, அண்ணன் வருகை அவள் போட்ட துண்டு. பரவாயில்லை, திருவிழாவில் ஜோடியாக ஆடி அசத்துவோம் என்று சமாளித்தேன்.

"ஜோடியா? நானும் நோலீனும் போன மாசமே பேர் குடுத்தாச்சுங்க. நல்லா கத்துவா அவ."

"அப்போ நான்?"

"நீங்கதானே கூட்டிட்டுப் போறீங்க. பெட்டி தூக்க ஆள் வேணாமா?"

கடைசியாக ஒரு நப்பாசை. அங்கே கடல் இருக்கிறது, மீனும் இருக்கும், தூண்டிலையாவது எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"எங்க வைப்பீங்க? நோலீன் துணியெல்லாம் உங்க பெட்டியிலதான் வருது."