சொந்த வீட்டைப் பார்க்க வரிசையில் நின்றவர்

"பேரு?" என்று கேட்டாள் டீகன்.

நெவில் ப்ரௌஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாடகைக்கு வீடு பார்க்க வந்த கூட்டத்தில், தன் சொந்த வீட்டு வாசலிலேயே பதினோராவது ஆளாக நிற்கிறவர் என்ன பெயரைச் சொல்வது? தொப்பி, கறுப்புக் கண்ணாடி என்று எல்லாவற்றையும் யோசித்து வந்தவர் இதைக் கோட்டை விட்டுவிட்டார்.

"க்ளென்... க்ளென் மக்கி."

வாயில் வந்தது பஸ் டிப்போ நண்பனின் பெயர். டீகன் அதை டேப்லெட்டில் பதிந்துகொண்டு, "உள்ள போங்க க்ளென், பதினஞ்சு நிமிஷந்தான்" என்றாள். இந்த வீட்டை வாடகைக்கு விட்டுத்தர அவர் அமர்த்திய ஏஜெண்ட் அவள். இதுவரை இருவரும் பேசிக்கொண்டதெல்லாம் மெசேஜில்தான். முகமும் தெரியாது, குரலும் தெரியாது.

நிஜ க்ளென் மூன்று வீடுகளை வாடகைக்கு விட்டுப் பழம் தின்று கொட்டை போட்டவன். பென்டிகோ ஊரில் நெவில் இந்த வீட்டை வாங்கியபோது அவன் தெளிவாகத்தான் சொன்னான். "ஏஜெண்ட் கையில குடுத்துட்டு அந்தப் பக்கமே தலை காட்டாத. நீ குடியிருக்கிற வீடு இல்ல அது, அதை நினைச்சு உருகாத. வாடகையை ஒழுங்கா குடுக்கிற ஆள் கிடைச்சா போதும், மகான்தான் வேணும்னு உக்காந்திராத."

நெவில் மூன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். செய்ததெல்லாம் நேர் எதிர். தினமும் சாயங்காலம் டிப்போவிலிருந்து நேரே இங்கே வந்து எலுமிச்சை மரத்துக்குத் தண்ணீர் ஊற்றினார். குளியலறை டைல்ஸ் இடுக்குகளைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தார். ஒரு விண்ணப்பதாரர் கிட்டார் வாசிப்பவர், வேண்டாம். ஒருத்திக்கு மீன் கடையில் வேலை, வேண்டாம். இன்னொரு குடும்பத்தில் நாய் இருக்கிறது, வேண்டவே வேண்டாம். தன் வீட்டில் டியூக் என்று ஒரு கிரேஹவுண்ட் நாயைச் சோபாவில் படுக்கவைத்துக் கொஞ்சுகிற மனிதர் இப்படிச் செய்தால் என்னவென்று சொல்வது!

மூன்று வாரமாக வீடு காலி. இந்தச் சனிக்கிழமையும் ஆள் கிடைக்காவிட்டால் கேரவனை விற்றுத்தான் வங்கிக்குத் தவணை கட்ட வேண்டும். அந்தக் கேரவனில் நாட்டைச் சுற்றிவர அவர் மனைவி ரோண்டா ஆறு வருடமாகக் காத்திருக்கிறாள். அவளிடம் இதைச் சொல்ல நெவிலுக்கு வாய் வரவில்லை.

"இன்னிக்கு ஒரு நாளாவது வேற ஏதாவது பேசலாமா, நெவில்?" என்று காலையில் அவள் லேப்டாப்பிலிருந்து நிமிராமலே கேட்டாள்.

"பேசலாமே! அந்த வீட்டுக் கூரைத் தகரம் இருக்கே..."

அவள் லேப்டாப்பில் மறுபடி தட்டத் தொடங்கினாள். நெவில் முக்கால் மணி நேரம் தகரத்தைப் பற்றிப் பேசிவிட்டுக் கிளம்பினார்.

இங்கே சமையலறையில் ஓர் இளம் தம்பதி ஓவன் அடுப்பைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரொம்பப் பழசு. வேலை செய்யுமா?" என்றான் கணவன்.

"ஏன் செய்யாது? போன செவ்வாய்க்கிழமைதான் கதவுக்கு ரப்பர் மாத்தினது!" என்று பாய்ந்தார் நெவில்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அது... நான் போன வாரமும் பாக்க வந்தேன்."

"வந்துமா கிடைக்கல? ஏன்?"

"வீட்டுக்காரர் கொஞ்சம் பாத்துப் பாத்துதான் குடுப்பார்."

கதவருகே நின்ற ஒரு பெண் விருட்டென்று திரும்பினாள். "பாத்துப் பாத்தா? என் தம்பிகிட்ட கிட்டார் இருக்குன்னு வேணாம்னுட்டான் அந்த ஆளு! கிறுக்கன்!"

"கிட்டாருக்கா? அநியாயமா இருக்கே!" என்றார்கள் நாலைந்து பேர்.

எல்லாரும் நெவிலைப் பார்த்தார்கள். "கிறுக்கன்தான்" என்று ஒப்புக்கொண்டார் நெவில். ஆனாலும் மனசு கேட்கவில்லை. "ஆனா தங்கமான மனுஷன். வீடுன்னா உயிர். தினமும் சாயங்காலம் வந்து எலுமிச்சைக்குத் தண்ணி ஊத்துவார். ஆள் குடிவந்தாலும் விடமாட்டார், வந்துடுவார்."



"தினமுமா?" என்றாள் அந்த இளம் மனைவி. "நான் குளிச்சிட்டு வந்தா ஜன்னல்ல வீட்டுக்காரன் நிப்பானா?"

"ஐயோ, இல்லம்மா, முன்னாடியே விசில் அடிச்சிட்டுத்தான் வருவார்..."

விசில் வீட்டைக் காப்பாற்றவில்லை. செய்தி ஹாலுக்குப் போயிற்று, ஹாலிலிருந்து வாசலுக்குப் போயிற்று. உள்ளே வந்தவர்கள் வெளியே போனார்கள், வெளியே நின்றவர்கள் காருக்குப் போனார்கள். ஐந்தே நிமிடத்தில் தெரு வெறிச்சோடியது. தான் ஓட்டும் பஸ்ஸில்கூட நெவில் ஒரே நிறுத்தத்தில் இத்தனை பேரை இறக்கியதில்லை.

பின்பக்கம் ஓடினார். எலுமிச்சை மரத்துக்குப் பின்னால் குந்தி, டீகனுக்கு வீட்டுக்காரராக மெசேஜ் அடித்தார்: "கையில் எந்த விண்ணப்பம் இருந்தாலும் சரி. கிட்டார், மீன், நாய், எல்லாம் சம்மதம். பெயர்கூட வேண்டாம். இப்போதே முடித்துவிடுங்கள்."

உடனே பதில் வந்தது: "முடிந்தது! ஒரு வருடத்துக்கு!"

நெவிலின் கண்ணில் தண்ணீர் முட்டியது. கேரவன் பிழைத்தது! ரோண்டாவிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும். முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் வந்தார்.

டீகன் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். "சாரி க்ளென். வீடு போயிடுச்சு."

"பரவால்லம்மா! யாருக்கு?" என்றார் நெவில், சிரிப்பை அடக்க முடியாமல்.

"பேரெல்லாம் சொல்லக்கூடாது. ஒரு லேடி, தனியா வராங்க. காலையிலதான் ஆன்லைன்ல அனுப்பினாங்க. வீட்டைப் பாக்கவே வேணாமாம். ஒவ்வொரு டைல்ஸும் மனப்பாடமாம்."

"அட! நல்ல ரசனை."

"கூட ஒரு கிரேஹவுண்டும் வருது."

நெவிலின் சிரிப்பு பாதியில் நின்றது. கண்ணாடியைக் கழற்றினார். "இப்ப இருக்கிற வீட்டை... ஏன் விடறாங்களாம்?"

டீகன் டேப்லெட் திரையைத் தள்ளிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"'வாடகைக்கு விடற வீட்டுக்கு என் புருஷன் தினமும் சாயங்காலம் வருவார், அங்க குடியிருந்தாத்தான் அவரைப் பாக்க முடியும்'னு எழுதியிருக்காங்க."