திறக்காத மூடியும் சம்பந்தியின் சொற்பொழிவும்

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு, உங்கள் மருமகளின் தகப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் என் மனைவியும் முட்டிவலி நீங்கலாக நன்றாக இருக்கிறோம். உங்கள் முட்டியும் ரத்த அழுத்தமும் அந்த அளவிலேயே இருக்கும் என்று நம்புகிறேன்.

நாலு பஸ் நிறுத்தம் தள்ளி இருப்பவருக்குத் தபாலில் கடிதமா என்று நீங்கள் கேட்கலாம். போனில் பேசித்தான் இந்த நிலைமைக்கு வந்திருக்கிறோம். நேரில் வரலாமென்றால் கதவைத் திறப்பீர்களா என்பது தெரியவில்லை. போன இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் நீங்கள் வரவில்லை. செஸ் பலகையை விரித்து வைத்துக்கொண்டு நானே இரண்டு பக்கமும் ஆடினேன், இரண்டு பக்கமும் தோற்றேன். பேத்தி "சொட்டைத் தாத்தா ஏன் வரல?" என்று கேட்டாள். (நம் இருவரையும் பிரித்தறிய அவள் வைத்துக்கொண்ட பெயர் அது. எனக்கு என்ன பெயர் என்பதை இங்கே எழுதத் தேவையில்லை.) மாப்பிள்ளை தட்டைப் பார்த்தபடியே சாப்பிடுகிறார். என் மகள் என்னைப் பார்த்தபடியே சாப்பிடுகிறாள், அது அதைவிட மோசம். சம்பந்தியம்மா இருந்திருந்தால் விஷயம் இவ்வளவு தூரம் வந்திருக்காது. அவர்கள் போன பிறகு உங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் எங்கள் வீட்டில்தான் என்று ஆகிவிட்டது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

தப்பு யார்மேல் என்று ஆராய நான் வரவில்லை. தப்பு போன்மேல். லிஃப்ட் ஆய்வாளராக இருந்து ரிட்டையர் ஆனவன் நான். விபத்து என்றால் மனுஷனைத் திட்டுவதற்கு முன்னால் இயந்திரத்தைப் பார்க்க வேண்டும், அதுதான் எங்கள் தொழில் தர்மம். பார்த்துவிட்டேன். புதுப் போனில் பேட்டரியைக் கழற்ற முடியாது, மெமரி கார்டு போட ஓட்டை கிடையாது. நம் குடும்பத்துக்கு வந்த அத்தனை கேடும் இந்த இரண்டிலிருந்து வந்ததுதான் என்று வரிசையாக எழுதிக் காட்டுகிறேன், பொறுமையாகப் படிக்கவும்.

பழைய போனை நினைத்துப் பாருங்கள். முதுகில் ஒரு மூடி, நகத்தைக் கொடுத்து நெம்பினால் திறக்கும், உள்ளே பேட்டரி, அதைத் தூக்கினால் உலகமே அமைதியாகிவிடும். நீங்கள் வேதியியல் பேராசிரியராக இருந்தவர், மணி அடிக்கும்வரை பேசுவது உங்கள் தொழில், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டில் மணி அடிக்க ஆள் கிடையாதே. "சம்பந்தி, ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க" என்று நீங்கள் ஆரம்பித்தவுடன் என் கட்டை விரல் தானாக மூடிக்குப் போய்விடும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சிவப்புப் பொத்தானை அமுக்கிப் பேச்சைத் துண்டிப்பது அவமரியாதை, பெண்ணைக் கொடுத்த இடத்தில் அப்படிச் செய்யலாமா? பேட்டரி விழுவது விபத்து. விபத்துக்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை. மறுநாள் நான் "நேத்து பேட்டரி விழுந்துடுச்சு சம்பந்தி" என்பேன், நீங்கள் "பரவால்ல, பரவால்ல" என்பீர்கள், காபி குடிப்போம். பேத்திக்கு எந்தப் பள்ளிக்கூடம், பால்கனிக்குக் கம்பியா வலையா, மாப்பிள்ளை வேலை மாறலாமா கூடாதா, எல்லாச் சண்டையும் பாதியிலேயே நின்றன. பாதியில் நின்ற சண்டைக்கு யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. அப்படித்தான் இத்தனை வருஷம் ஒற்றுமையாக இருந்தோம்.

இப்படி இருக்கும்போது பிள்ளைகள் நம் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி புதுப் போன் வாங்கிக் கொடுத்தார்கள். நல்ல மனசோடுதான். முன்னும் கண்ணாடி, பின்னும் கண்ணாடி, குளியலறை டைல்ஸை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு பேசுவது போல இருக்கிறது. மூடி எங்கே என்று தேடினேன், நகம் உடைந்ததுதான் மிச்சம். போன் கடைக்காரரிடம் கொண்டுபோனேன். "சார், இது திறக்கிற மாடல் இல்ல, கம்பெனியிலேயே பசை போட்டு ஒட்டிடுவாங்க" என்றார். "பேட்டரி போயிடுச்சுன்னா?" என்றேன். "ஒட்டினத பிரிச்சு மாத்தணும் சார், அதுக்குப் புதுசே வாங்கிடலாம்." "உள்ள இடம் பத்தலன்னா?" "இதவிடப் பெருசா வாங்கணும்." "அதுவும் பத்தலன்னா?" அவர் எனக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டுவிட்டார். மாப்பிள்ளையிடம் கேட்டேன். மூடி இல்லாததால் தண்ணீர் உள்ளே போகாது என்கிறார். நான் என்ன போனைக் காதில் வைத்துக்கொண்டா நீந்தப்போகிறேன்? மெல்லிசாக இருக்கும் என்கிறார். மெல்லிசாகச் செய்துவிட்டு, அது உடையாமலிருக்கத் தடிமனாக ஒரு உறையையும் அவர்களேதான் விற்கிறார்கள். லிஃப்ட் என்றால் உள்ளே நிறுத்துகிற பொத்தான் இருக்க வேண்டும், திறந்து பார்க்க வழி இருக்க வேண்டும், இல்லையென்றால் யார் சிபாரிசு செய்தாலும் நான் கையெழுத்துப் போட்டதில்லை. இந்தப் போனுக்கும் போட்டிருக்க மாட்டேன்.

அடுத்தது இடப் பிரச்சினை. பேத்திக்கு முன்பல் விழுந்துவிட்டது என்று என் மகள் படம் அனுப்பினாள். படம் வரவில்லை, உள்ளே இடமில்லை என்று போன் சொல்லிவிட்டது. எப்படி இருக்கும்? உலகத்திலுள்ள காலை வணக்கங்கள் எல்லாம் பூவும் புறாவுமாக என் போனில்தானே குடியிருக்கின்றன. பழைய போனாக இருந்தால் கடைக்குப் போய்ப் பெரிய கார்டாக ஒன்று வாங்கிச் சொருகியிருப்பேன், கதை முடிந்திருக்கும். இந்தப் போனோ எனக்கு யோசனை சொல்ல ஆரம்பித்தது. பெரிய கோப்புகளை அழிக்கலாமே என்று பட்டியல் போட்டுக் காட்டியது. பட்டியலில் முதலிடம் யாருக்கு? கல்யாண வரவேற்பில் நீங்கள் ஆற்றிய சொற்பொழிவுக்கு. பழைய போனிலிருந்து மாப்பிள்ளை பொறுப்பாக மாற்றிக் கொடுத்திருந்தார். என் மனைவி எட்டிப் பார்த்து, "என்னங்க, அத மட்டும் தொடாதீங்க" என்றாள். "எல்லார்கிட்டயும் இருக்கும்மா" என்றேன். போன் இரண்டு தடவை நிச்சயமா என்று கேட்டது, மனைவியையும் சேர்த்தால் மூன்று. அழித்தேன். உடனே பல் வந்து சேர்ந்தது, அதாவது பல் இல்லாத இடம் வந்து சேர்ந்தது. அழகாக இருந்தது.

அன்று சாயங்காலமே நீங்கள் கூப்பிட்டுவிட்டீர்கள். "சம்பந்தி, வரவேற்புல நான் பேசினேனே, அந்த வீடியோ உங்ககிட்ட இருக்கா? என்கிட்ட இருந்தது போன் மாத்தும்போது போயிடுச்சு. பையன் கம்ப்யூட்டர்லயும் இல்லையாம்." இல்லை என்று ஒரு வார்த்தையோடு நான் நிறுத்தியிருக்கலாம். அறிக்கையில் தேதி, நேரம் எழுதியே பழகியவன், "இன்னைக்குக் காலைலதான் அழிச்சேன்" என்று சொல்லிவிட்டேன்.

"அழிச்சீங்களா?"

"இடமில்ல சம்பந்தி."

"என் பேச்சுக்கு உங்க போன்ல இடமில்லையா?"

"பல்லுக்கு இடம் வேணுமே."

"எந்தப் பல்லு?"

அதற்குப் பிறகு நடந்ததில் என் கட்டை விரலின் பங்கை மட்டும் சொல்கிறேன். அது பழக்க தோஷத்தில் மூடியைத் தேடியது, வழுக்கியது. இன்னொரு பக்கம் அமுக்கிப் பார்த்தது, ஸ்பீக்கர் ஆனது, நீங்கள் பேசியது சமையலறைவரை கேட்டது. மறுபடி அமுக்கியது, வீடியோ ஆனது. நீங்களும் அந்தப் பக்கம் எதையோ அமுக்கியிருக்கிறீர்கள். உங்கள் காது தெரிந்தது, பிறகு ஒரு நகம், பிறகு உங்கள் வீட்டு மின்விசிறி. "பழைய போனா இருந்தா இந்நேரம் பேட்டரிய கழட்டியிருப்பேன்!" என்று கத்தினீர்கள். "நான் உங்களுக்கு முன்னாடியே கழட்டியிருப்பேன்!" என்று நான் கத்தினேன். நீங்களும் கழற்றிக்கொண்டிருந்தவர்தான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது, உங்களுக்கும் அப்படியே. ஆக எத்தனையோ நாள் இரண்டு பேருமே கழற்றிவிட்டு, பாவம் மனுஷன் தெரியாமல் இன்னும் பேசிக்கொண்டிருப்பாரே என்று எதிராளிக்காகப் பரிதாபப்பட்டிருக்கிறோம்.

அந்த இடத்தில் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. சண்டையின் இரண்டாம் பாதி எப்படியிருக்கும் என்று நமக்குத் தெரியாதே, நாம் அங்கே போனதே இல்லையே. நான், "அந்த மண்டபத்துல உங்க பேச்ச முழுசா கேட்டது மைக் மட்டும்தான்" என்றேன். நீங்கள், "ஆயுசு பூரா லிஃப்ட்ல ஏறி எறங்கினவருக்கு நாலு பேர் முன்னாடி பேசறதப் பத்தி என்ன தெரியும்?" என்றீர்கள். பிறகு "வைக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். சிவப்புப் பொத்தானை அமுக்கியது நீங்கள்தான். அதை நான் பெரிதுபடுத்தவில்லை, குறிப்பிடுகிறேன், அவ்வளவுதான்.

நிதானமாக யோசித்தால், அந்த வீடியோ போனதில் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை என்பதை நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள். ஆரம்பம் எனக்கு ஞாபகமிருக்கிறது. சோடியம் தனியாக இருந்தால் தீப்பிடிக்கும், குளோரின் தனியாக இருந்தால் ஆளைக் கொல்லும், இரண்டும் கல்யாணம் செய்துகொண்டால் சாப்பாட்டு உப்பு என்றீர்கள். அதில் என் மகள் சோடியமா குளோரினா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே சாப்பிடும் இடத்தில் நாற்காலி பத்தவில்லை என்று என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். மீதியும் இதே போலத்தான் இருந்திருக்கும். வேண்டுமானால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டிலேயே மறுபடி பேசிவிடுங்கள், மாப்பிள்ளை படமெடுத்துக்கொள்ளட்டும்.

ஆகவே நான் சொல்ல வந்தது இதுதான். நாம் இருவரும் சேர்ந்து அந்தப் போன் கம்பெனிக்கு ஒரு மனு எழுதுவோம். பேட்டரியைக் கழற்றும்படி செய்யுங்கள், கார்டுக்கு ஓட்டை வையுங்கள், வயசான சம்பந்திகளின் சமாதானம் கெடுகிறது என்று எழுதுவோம். எழுதுவது நீங்கள், சுருக்குவது நான். அதற்காகவாவது வாருங்கள்.

என் மனைவி உங்களை அன்போடு விசாரித்ததாக எழுதச் சொன்னாள். பேத்தி பல் விழுந்த இடத்தைக் காட்டச் சொன்னாள், கடிதத்தில் அதற்கு வசதியில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள், எல்லா நலமும் உங்களோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
இதுவரை உங்கள் அன்புக்குரியவனாக இருந்து, மேற்கொண்டும் இருக்க விரும்பும்,
சம்பந்தி

பின்குறிப்பு: இந்தக் கடித உறையை ஒட்டப் பசை தேடி மேஜை இழுப்பறையைத் திறந்தேன். என் பழைய போன் கிடந்தது. பேட்டரி உப்பி மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. கழற்றினேன். அடியில் மெமரி கார்டு அப்படியே இருக்கிறது. மாப்பிள்ளை அதிலிருந்து நகல்தான் எடுத்திருக்கிறார். உடனே மகள் வீட்டுக்கு ஓடி, கம்ப்யூட்டரில் போடச் சொல்லி எல்லோருமாக உட்கார்ந்து பார்த்தோம். உங்கள் பேச்சை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை நான் கேட்டது இதுதான் முதல் தடவை. நீங்கள் சோடியத்தை முடித்துக்கொண்டு பாஸ்பரசுக்குப் போகும்போது, பின்னால் உட்கார்ந்திருந்த சம்பந்தியம்மா கையை நீட்டி உங்கள் சட்டை நுனியைப் பிடித்து இழுக்கிறார்கள். "இதோ முடிச்சிடறேன்" என்கிறீர்கள், முடிக்கவில்லை. மறுபடி இழுக்கிறார்கள். அதற்கும் முடிக்கவில்லை. மூன்றாவது தடவை திரும்பி அவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "மேலிடத்து உத்தரவு" என்று சொல்லி மைக்கைக் கீழே வைக்கிறீர்கள். மண்டபமே கைதட்டுகிறது. அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். நீங்கள் அன்று என்னிடம் கேட்டது உங்கள் பேச்சை இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாப்பிள்ளை எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். என் மனைவிக்கு இது முன்பே தெரியுமாம், அதனால்தான் தொடாதீங்க என்றாளாம். காரணத்தையும் சொல்லியிருக்கலாமே என்றேன். "நீங்க யாரு பேச்சத்தான் முழுசா கேட்டிருக்கீங்க?" என்றாள்.

எனவே மேலே யாருக்கும் நஷ்டமில்லை என்று எழுதியதை அடித்துவிடுங்கள். மைக்கைப் பற்றிச் சொன்னதையும் அடித்துவிடுங்கள், அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பேட்டரி கழற்றும்படிதான் இருக்க வேண்டும், அதில் மாற்றமில்லை, ஆனால் அதற்கு நான் சொன்ன காரணங்கள் அத்தனையும் தப்பு. கார்டைத் தபாலில் அனுப்பப் பயமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்து கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுங்கள், எந்தப் பேட்டரியும் விழாது. நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பேன். ரொம்பவும் நீண்டுபோனால் சட்டை நுனியை இழுக்கிறேன்.